"நீ சும்மா இரும்மா"

கோத்தகிரியில் என் கிளினிக்குக்கு வரும் பெரியவர்கள் யாரும் "மனசு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கால் குடையுது, நெஞ்சு படபடங்குது, சோறு இறங்கல, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல என்றுதான் வருவார்கள். கையில் மஞ்சப்பை நிறைய இசிஜி, ஸ்கேன், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஃபைல்கள்.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா அப்படித்தான் வந்தார். (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 72. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்த குடும்பம். எஸ்டேட்டில் 58 வயதுவரை கொழுந்து பறித்தார். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்தபோது, கைக்கு வந்த பணத்தில் சின்னதாக ஒரு வீடும் அதை ஒட்டிக் கொஞ்சம் தேயிலையும் வாங்கினார். ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்: "காலையில எழுந்ததும் என்னம்மா பண்ணுவீங்க?"

"எதுக்கு டாக்டரம்மா எழுந்திரிக்கணும்?"

அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். நல்ல பிள்ளை, மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர். சரிவில் அம்மா வழுக்கி விழுந்துவிடக் கூடாதென்று தேயிலையைக் குத்தகைக்கு விட்டார். விறகுக்குப் போகக் கூடாதென்று கேஸ் வாங்கி வைத்தார். கோழிகளையும் விற்றார். "இத்தனை வருசம் உழைச்சது போதும், நீ சும்மா இரும்மா." அத்தனையும் பாசத்தில் செய்தது. ஆனால் காலை ஏழரைக்குக் கூடையோடு நின்று பழகிய உடம்பு அது. இலை எடை எவ்வளவு, விலை எவ்வளவு, செடியை வெட்டிவிடும் அடுத்த கவாத்து எப்போது என்று ஓயாமல் கணக்குப் போட்ட மனசு. அந்த வீட்டில் அவரிடம் கேட்டு முடிவு செய்ய இப்போது எதுவுமே மிச்சம் இல்லை. ஒரே வருடத்தில் ஆறு கிலோ இளைத்துவிட்டார்.

ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை பார்த்தோம். இவற்றில் கோளாறு இருந்தாலும் சோர்வும் மந்தமும் வரும் என்பதால் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். பிறகு, முதியவர்களின் மனச்சோர்வை அறிய உலகம் முழுக்கப் பயன்படுத்தும் 15 கேள்விகளைக் கேட்டேன். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா, உங்களால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றுகிறதா, இப்படிப் போகும் கேள்விகள். மனச்சோர்வைக் காட்டும் பதில்கள் 5க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். அவருக்கு 11 வந்தது.

அவர் பையில் ஒரு தூக்க மாத்திரை அட்டையும் இருந்தது. பக்கத்து வீட்டார் கொடுத்ததாம். இதைக் கண்டால் எனக்குப் பதறும். வயதானவர்களுக்கு இந்த மாத்திரை தள்ளாட்டத்தையும் மறதியையும் கொண்டுவரும். ராத்திரிக் குளிரில் பாத்ரூமுக்கு எழுந்து படியில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். மனச்சோர்வுக்கான மருந்து வேறு, அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், முழுப் பலன் தெரிய இன்னும் நாளாகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடக் கூடாது.

மகனுக்கு ஃபோன் போட்டேன். "தினமும் பேசுறேனே டாக்டர்" என்றார். என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். சாப்டியா, மாத்திரை போட்டியா, வெளிய போகாத. அம்மாவிடம் யோசனை கேட்டு ஒரு கேள்விகூட அதில் இல்லை. தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், பிள்ளைக்குச் சளி என்றால் என்ன கஷாயம் என்று கேளுங்கள், அவர் சொன்னதைச் செய்துவிட்டு மறுநாள் அதையும் சொல்லுங்கள் என்றேன். பேசும் நேரத்தையும் மாற்றச் சொன்னேன். மலையில் மாலை ஐந்தரைக்கு மேல் மூடுபனி இறங்கிக் கதவெல்லாம் சாத்திவிடுவார்கள். தனியாக இருப்பவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் பாரம். டிசம்பர், ஜனவரிப் பனியில் இன்னும் மோசம்.

"எங்கூடவே கூட்டிட்டுப் போயிடவா?" என்றும் கேட்டார். அது அவரவர் வீட்டு நிலைமை. அம்மாவிடம் கேட்காமல் மட்டும் செய்யாதீர்கள். சமவெளி வெயிலில், முகம் தெரியாத தெருவில், மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்துவிட்டு இன்னும் வாடிப்போய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பெரியவர். மனைவி இறந்த பிறகு பேச்சே நின்றுவிட்டது, மறதி நோய்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பரிசோதித்தால் இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை. வீட்டில் இவருக்காகப் பேசிக்கொண்டிருந்தவர் அந்த அம்மாதான். காது மெஷின் வைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை, துக்கம் இருந்தது. ஆனால் பேரனிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கத் தொடங்கினார்.

கூடவே இருந்து பார்க்கிற மருமகளையோ மகளையோ பற்றியும் சொல்ல வேண்டும். பண்டிகைக்கு இரண்டு நாள் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் "அம்மா ஏன் இப்படி இளைச்சிருக்காங்க?" என்று அவரிடம் விசாரணை நடத்துகிறார்கள். அந்த இரண்டு நாளாவது பொறுப்பை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்புங்கள்.

"நான் போய்ச் சேர்ந்துட்டா உங்களுக்குத் தொல்லை இல்ல" என்ற பேச்சைக் கிழவி புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். சாப்பாட்டை ஒதுக்குவது, நகையைப் பிரித்துக் கொடுப்பது இதோடு சேர்ந்தால் அன்றே டாக்டரிடம் கூட்டிவாருங்கள். தோட்டத்துப் பூச்சி மருந்து டப்பாவைப் பூட்டி வையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அந்த அம்மாவின் மகன், குத்தகைக்காரரிடம் பேசி வீட்டை ஒட்டிய சமதளத்தில் இருந்த நான்கு வரிசையை மட்டும் திரும்ப வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது மாதம் வரச் சொன்ன தேதியில் அம்மா வரவில்லை. கவலையோடு ஃபோன் செய்தால், "இன்னிக்கு இலை எடுக்குற நாளு டாக்டரம்மா, வியாழக்கிழமை வரேன்" என்றார். மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.