ட்ரிகர் என்றால் தூண்டி

வலைச் செயலி ஒன்றில் புதிதாக ஒருவர் கணக்குத் தொடங்குகிறார். அவர் விவரம் யூசர்ஸ் டேபிளில் ஏறிய கையோடு ப்ரொஃபைல்ஸ் டேபிளிலும் அதே ஐடியில் ஒரு ரெக்கார்டு விழுந்திருக்கிறது, ஆனால் அதைப் போடச் சொல்லும் வரி செயலியின் கோடில் எங்கு தேடினாலும் இல்லை. டேட்டாபேஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ட்ரிகர் பார்த்த வேலை அது.

இன்ன டேபிளில் ரெக்கார்டு சேர்ந்தால், மாறினால், நீங்கினால் இன்னதைச் செய் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் ட்ரிகர். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 'ஆஃப்டர் இன்செர்ட்' (சேர்ந்த பிறகு), 'ஃபார் ஈச் ரோ' (ஒவ்வொரு ரெக்கார்டுக்கும்) என்று குறித்துவிட்டால் புது ரெக்கார்டு 'நியூ' என்ற பெயரில் கைக்கு வரும், அதிலிருந்து ஐடியை எடுத்து ப்ரொஃபைல்ஸில் போட்டால் முடிந்தது. டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலையில் ட்ரிகர் 1999இல் சேர்ந்தது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளுக்கு 5.0 பதிப்பில்தான் வந்தது.

சொல் டச்சுக்காரர்களுடையது. 'ட்ரெக்கென்' என்றால் இழுத்தல், 'ட்ரெக்கர்' இழுக்கப்படும் துப்பாக்கி விசை. மலையேறப் போகிறவர்கள் சொல்லும் ட்ரெக்கிங்கும் இதே வேரில் வந்ததுதான், தென்னாப்பிரிக்க மாட்டுவண்டிப் பயணம் வழியாக.

தமிழில் துப்பாக்கிக்கு 'விசை' சரி. கணினியில் அது ஏற்கெனவே விசைப்பலகைக்குப் போய்விட்டது, இங்கேயும் வைத்தால் குழப்பம். என் ஓட்டு 'தூண்டி'க்கு. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், ஒருவரை வம்புக்குத் தூண்டிவிடுகிறோம். செய்கிறவர் முன்னால் நிற்க, செய்ய வைத்தவர் கண்ணில் படாமல் இருக்கிறார் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது, ட்ரிகரின் குணமே அதுதானே.

பைத்தானில் வலைச் செயலி எழுத உதவும் ஜாங்கோவின் சிக்னலையும் இதையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. 'போஸ்ட் சேவ்' சிக்னல், அதாவது ரெக்கார்டைச் சேமித்த பின் எழும் அறிவிப்பு, பைத்தான் கோடில் நடப்பது. 'பல்க் கிரியேட்' வழியே 500 பேரை மொத்தமாகச் சேர்த்தால் அது வாயே திறக்காது, தூண்டியோ 500 தடவையும் ஓடும். ஆனால் ப்ரொஃபைல்ஸில் ஒரு கட்டாயப் புலம் காலியாகிப் பிழை வந்தால், யூசர்ஸில் சேர்ந்ததும் சேர்த்து ரத்தாகிவிடும், வந்தவருக்குக் கணக்கே திறக்காது. அப்போது பதிவுப் படிவத்தைப் பிரித்து மேய்வதற்கு முன், போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் யூசர்ஸ் டேபிளின் விவரத்தைக் கேளுங்கள், அடியில் தூண்டிகளின் பெயர்கள் வரும்.