சிறுகதை என்றால் சிறுவர் கதை இல்லை

போன வாரம் எங்கள் நூலகத்தில் ஓர் அம்மா சிறுகதைப் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது மேசையில் கிட்டத்தட்ட எறிந்தார். நாலாம் வகுப்புப் பையன் மூன்று நாளாகத் தலையணை வைத்துப் படுப்பதில்லையாம். முந்தின ராத்திரி கத்தரிக்கோலால் தலையணையைக் கிழித்து, இலவம்பஞ்சை அறை முழுக்க இறைத்து, உள்ளே எதையோ தேடியிருக்கிறான். எந்தக் கதை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உருகுவே எழுத்தாளர் ஓராசியோ கிரோகா 1907-இல் வெளியிட்டது. புதுமணப்பெண் நாளுக்கு நாள் வெளிறிப் படுக்கையிலேயே சாகிறாள், காரணம் தலையணைக்குள் இருக்கிறது. நாலைந்து பக்கம்தான்.

"சின்னச் சின்னக் கதைதானே சார், படிக்கச் சுலபமா இருக்கும்னு எடுத்துட்டுப் போனேன்" என்றார். இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

பெற்றோர்களே, பக்கம் குறைவாக இருப்பதை வைத்து வயதைக் கணக்குப் போடாதீர்கள். திகில் கதையில் குறைந்த பக்கம்தான் ஆபத்தே. நாவலில் பயந்துபோனால் அடுத்த அத்தியாயத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம், சிறுகதை கடைசி வரியில் அடித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும், பிறகு குழந்தை தனியாகத்தான் அதோடு படுத்திருக்க வேண்டும்.

எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "பேய் வருமா சார்?" பேய் இல்லை என்றால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். ஷெர்லி ஜாக்சன் 1948-இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய கதையில் பேய் கிடையாது. வெயில் அடிக்கும் காலை, ஊர் கூடிச் சீட்டுக் குலுக்குகிறது, சீட்டு விழுந்தவரை ஊரே கல்லால் அடிக்கிறது, அவ்வளவுதான். பெரியவர்களே பதறிப்போய் அந்த இதழுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். எட்கர் ஆலன் போவின் 1843-ஆம் வருடக் கதையில் கொலைகாரனே நமக்குக் கதை சொல்கிறான், தான் பைத்தியம் இல்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டே. சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 1892 கதையில் டாக்டர் கணவன் மனைவியை ஓய்வு என்ற பேரில் ஓர் அறையில் வைத்திருக்கிறார், அவள் சுவர்த்தாளைப் பார்த்துப் பார்த்தே மனம் பிறழ்கிறாள். இவற்றிலும் பேய் இல்லை. நம் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யையே எடுத்துக்கொள்ளுங்கள், பேயா பிரமையா என்று மனிதர் கடைசிவரை பிடி கொடுக்க மாட்டார். இத்தனையும் 'திகில்' என்று ஒரே அட்டைக்குள் வந்துவிடுகின்றன. (எங்கள் நூலகத்தில் திகிலுக்கென்று தனி வரிசையும் இல்லை, சிறுகதை அலமாரியில் எல்லாம் கலந்துதான் நிற்கும்.)

அதற்காகத் தடை போட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். பயப்படுவது குழந்தைகளுக்குப் பிடிக்கும், பாட்டி சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசை மடியில் ஒடுங்கிக்கொண்டு கேட்டவர்கள்தானே நாம். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 1902-ஆம் வருடக் குரங்குக் கைக் கதையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே எடுத்துக் கொடுப்பேன். கதவு தட்டப்படும், வெளியே நிற்பது யார் என்று காட்டவே மாட்டார்கள், அந்த வயதுக்கு அந்தப் பயம் ஓர் அருமையான அனுபவம்.

கொடுக்கும் முன் நீங்கள் படியுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது, அதற்கும் நேரமில்லை என்றால் கடைசிப் பக்கத்தையாவது பாருங்கள். படுக்கப்போகும் நேரத்தில் கொடுக்காதீர்கள். பயந்துவிட்டால் "ஆம்பளப் பையன் பயப்படலாமா" என்று கேலி செய்யாதீர்கள், அப்புறம் அவன் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டான். பகலில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடம் பயமாக இருந்தது என்று அவன் வாயாலேயே சொல்லவிடுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

புத்தகத்தை எறிந்தாலும் பரவாயில்லை, எந்தக் கதை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்து அதை எடுக்க வருகிறவரிடம் நான் சொல்ல வேண்டும்.