கரண்ட் போவதற்குள் முடித்துவிடுவேன்

"லோட்ஷெட்டிங் இருந்தப்போதான் அக்கா நான் ஒழுங்கா வேலை பார்த்தேன்."

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உளவியல் ஆலோசனை செய்யும் எனக்கு இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்கும் யோகமும் வாய்த்தது. சொன்னவர் இங்கே இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த, நாற்பதை நெருங்கும் பெண். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். 2023இல் லோட்ஷெட்டிங் என்கிற, நேரம் அறிவித்துச் செய்யும் மின்வெட்டை நாடே திட்டிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜில் மீன் நாறியது, ரோபோட் எல்லாம் அணைந்து (இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர்) தெருமுனையில் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. இவரோ, ஆறு மணிக்குக் கரண்ட் போகும் என்று போனில் பார்த்ததும் நாலு மணிக்கே உட்கார்ந்து, ஒரு வாரமாகத் தள்ளிப்போட்ட வேலையை முடித்துவிடுவார். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்றது. இவருடைய வேலையும் நின்றது.

பிறகு மனநல மருத்துவர் பரிசோதித்து ஏடிஎச்டி (ADHD) என்று உறுதிசெய்தார். கவனத்தையும் செயலையும் வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் திருப்ப மூளை திணறும் நிலை அது.

தமிழில் இதைக் கவனக்குறைவு என்று சொல்லப்போய்த்தான் பாதிக் குழப்பம். இவருக்குக் கவனம் இல்லாமல் இல்லை. தைப்பூசத்துக்குத் தம்பியின் காவடியில் செண்டுமல்லி கட்ட உட்கார்ந்தால், விடியற்காலை இரண்டு மணி ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். அவருடைய அம்மா என்னிடம் கேட்டார்: "பூக்கட்ட ராத்திரி பூரா முடியுது. பில் கட்ட அஞ்சு நிமிஷம் முடியலையா?" கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு வேலைக்கும் மூளை ஒரே மாதிரி இறங்குவதில்லை.

பலருக்கு 'இது முக்கியம்' என்ற நினைப்பே ஓரளவு தள்ளிவிடப் போதும். ஏடிஎச்டி உள்ளவருக்கு அந்த நினைப்பு இருக்கும், தள்ளும் விசைதான் இருக்காது. அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஎச்டி இருந்தும் மருந்து எடுக்காத 53 பேரின் மூளையை ஸ்கேன் செய்து, ஏடிஎச்டி இல்லாத 44 பேருடன் ஒப்பிட்டார்கள். பலனை எதிர்பார்த்து நம்மை இயக்கும் பாதையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் சேதியை வாங்கும் ஏற்பிகள் முதல் குழுவினருக்குக் குறைவாக இருந்தன. 2011இல் அதே குழு, இதற்கும் ஊக்கக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாக எழுதியது. அதனால்தான் அக்டோபரில் முடியும் வருமான வரிக் கணக்குக்கு ஜூலையில் உடம்பு அசையாது. சுவாரசியம், புதுமை, போட்டி, அவசரம், இந்த நான்கில் ஒன்றாவது பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

அவசரத்தையே நம்பி ஓடினால் வேலை நடக்கும். ஆனால் தூக்கம் கெடும், வயிறு எரியும், அப்புறம் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. திட்டுவதும் அப்படித்தான். திட்டு விழ விழ அந்த வேலையைத் தொடவே பயம் வந்துவிடும். இவர் வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. உள்ளே பிரிக்காத கவர்கள், பதினேழு. சோம்பேறி எதற்குக் கவரை ஒளித்துவைக்க வேண்டும்?

நானும் ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன். டைரி வாங்கி நாள்வாரியாகத் திட்டம் எழுதச் சொன்னேன். ஐந்து கலர் பேனாவில் மூன்று நாள் அழகாக எழுதினார். நாலாவது நாள் விட்டுப்போனதும் வெட்கப்பட்டு ஒரு மாதம் என்னிடமே வரவில்லை.

சரி, லோட்ஷெட்டிங்கை நாமே செய்தால் என்ன என்று யோசித்தோம். லேப்டாப் சார்ஜரைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கொடுத்துவிடுவார். பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும், அதுதான் கெடு. வியாழன் மாலை பெரியம்மா மகள் வந்து கட்ரா பீன்ஸ் உரித்தபடி எதிரே உட்கார்ந்திருப்பார். உதவியும் கிடையாது, அறிவுரையும் கிடையாது. ஆள் இருந்தால் போதும். தாளில் 'வரிக் கணக்கு' என்று எழுதக் கூடாது, 'பாஸ்வர்டைத் தேடு' என்றுதான் எழுத வேண்டும். ஒரே தந்திரம் நாலைந்து வாரத்தில் புளித்துவிடும். புளித்தால் மாற்றிக்கொள்ளலாம், அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை.

மருந்தும் பலருக்கு நன்றாக உதவுகிறது. அதை எழுதித்தர வேண்டியவர் மருத்துவர், நான் அல்ல. ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட், இந்நாட்டில் கடும் கட்டுப்பாடுள்ள ஆறாம் அட்டவணை மருந்து என்பதால் மாதாமாதம் புது மருந்துச் சீட்டு வேண்டும். மறதிக்காரரிடம் மாதாமாதம் மறக்காதே என்று கேட்கிற ஏற்பாடு! அதற்கும் போனில் அலாரம் வைத்திருக்கிறார்.

தள்ளிப்போடுகிற எல்லோருக்கும் ஏடிஎச்டி என்று நினைத்துவிடாதீர்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு, மனச்சோர்வு, தூக்கக் குறைவு கூட இதே வேஷத்தில் வரும்.

போன அக்டோபரில் கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பே கணக்கை அனுப்பிவிட்டார். அன்றிரவு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, எதையோ மறந்துட்ட மாதிரியே இருக்கு. என்னன்னு தெரியல."