படுத்தால் தீராத அசதி

"மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிந்தும் அம்மா காம்பராவிலேயே படுத்துக் கிடக்கிறார். எழுந்து நடக்கச் சொன்னால் பாவமா?" என்று தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்.

பாவமே இல்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்த அசதி ராத்திரித் தூக்கத்தில் போய்விடும். புற்றுநோய் அசதி போகாது. இரத்தசோகை, தைரொயிட் குறைபாடு இருக்கிறதா என்று முதலில் பரிசோதித்துவிடுங்கள். மிச்சத்தில் அழற்சிக்கு, அதாவது நோயை எதிர்த்து உடல் காட்டும் கொதிப்புக்கு, பெரிய பங்கு உண்டு. கட்டியும் சிகிச்சையும் கிளறிவிடும் எதிர்ப்புக் கலங்கள் இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப் போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. காய்ச்சலில் நம்மைச் சுருண்டு படுக்க வைப்பவையும் இவைதான். படுக்கப் படுக்கத் தசை கரையும், அசதி கூடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வேலை செய்யும் தசையும் அதே இன்டர்லூக்கின்-6ஐத்தான் சுரக்கிறது! 2000ஆம் ஆண்டு டென்மார்க்கில் பென்டே பெடர்சன் குழுவினர் ஆறு ஆண்களை ஒரு காலை மட்டும் ஐந்து மணிநேரம் நீட்டி மடக்கச் சொன்னார்கள். இரண்டு கால்களிலிருந்தும் திரும்பும் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால், உழைத்த காலிலிருந்து மட்டும் அந்தப் புரதம் வந்துகொண்டிருந்தது. அழற்சியில் அது டி.என்.எஃபோடு சேர்ந்து நாள்கணக்கில் நிற்கும். தசையிலிருந்து வரும்போதோ தனியாக வந்து சில மணிநேரத்தில் வடிந்துவிடும். போகிற போக்கில் அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10ஐத் தூண்டி, டி.என்.எஃபையும் அமுக்கிவிடும். ஒரே புரதம், வந்த வழியைப் பொறுத்து வேறு வேலை.

2017இல் 113 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடற்பயிற்சியும் பேச்சுச் சிகிச்சையும் இந்த அசதிக்கு மாத்திரைகளைவிட நன்றாகவே கைகொடுத்தன. பேச்சு என்றால் வெறும் ஆறுதல் இல்லை. 'அசதி வந்தால் நோய் திரும்பிவிட்டது' என்ற பயத்தை அவிழ்ப்பது. தெம்பான நாளில் வீட்டு உடுப்பு முழுவதையும் துவைத்துவிட்டு அப்புறம் மூன்று நாள் விழுந்து கிடக்கும் பழக்கத்தை மாற்றுவது. செய்வினை என்று நூல் கட்டப் போகும் காசும் நாளும் வீண். எனக்கு அதில் கோபமே உண்டு. மலையகத்தின் ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் தமிழில் பேசும் உளவளத்துணையாளரும் இயன்மருத்துவரும் வேண்டும். இதற்காக ஓர் அசதிக்காரர் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிவரை பஸ் ஏறக்கூடாது.

சரி, எப்படி நடப்பது? லயத்துப் படிகளில் தொடங்க வேண்டாம், மட்டமான ரோட்டில் ஐந்து நிமிடம் போதும். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். மெல்லக் கூட்டி, வாரம் மூன்று நாள் அரைமணிநேரத்துக்குக் கொண்டுவாருங்கள். காய்ச்சல் இருந்தாலோ, இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத்தட்டுகள் குறைந்திருந்தாலோ, நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ டொக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.