வீட்டு வரி ரசீதில் இருக்கிறது பிள்ளைகளின் நூலகம்

இந்த வருடம் வீட்டு வரி கட்டியிருப்பீர்கள். ரசீதை எடுத்து ஒரு தடவை பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு தொகை போட்டிருக்கும். வீட்டு வரி 600 ரூபாய் என்றால் நூலக வரி 60 ரூபாய். ரூபாய்க்கு 10 பைசா கணக்கு. மாநகராட்சி, நகராட்சி ரசீதுகள் சிலவற்றில் இது சொத்து வரியோடு சேர்ந்தே வந்துவிடும், தனியாகக் கண்ணில் படாது. கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் பணம் நம் கையிலிருந்து போய்விட்டது.

பல்லடம் பக்கம் எங்கள் ஊரில் தறி ஓட்டுகிறவர், பனியன் கம்பெனிக்குப் போகிறவர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர் என்று பலரிடம் இதைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். வரி கட்டுவது எல்லோருக்கும் தெரிகிறது. அந்தக் காசில் ஓடுகிற நூலகத்தில் தன் பிள்ளை பேரில் ஒரு அட்டை வாங்கி, புத்தகத்தை வீட்டுக்கே எடுத்து வரலாம் என்பது பாதிப் பேருக்கு மேல் தெரியவில்லை. "அதெல்லாம் படிச்சவங்க போற இடமுங்க" என்று ஒரு அக்கா சொன்னார். வருடா வருடம் அந்த நூலகத்துக்கு வரி கட்டுகிறவர் அவர். அதைக் கேட்டபிறகுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

இந்த வரி எங்கிருந்து வந்தது? 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தார்கள். சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். ஊருக்கு ஊர் பொது நூலகம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடியவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை உருவாக்கிய அதே அவினாசிலிங்கம். அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம்தான் பின்னாளில் குழந்தைகளுக்கென்றே 10 தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியம் போட்டது. அதற்கு முதன்மை ஆசிரியர் மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன். ஆக, பிள்ளைகளுக்கு நூலகம் என்ற நினைப்பு கொங்கு நாட்டுக்கு எங்கிருந்தோ வந்த சரக்கு இல்லை. இங்கத்து ஆட்கள் முன்னின்று செய்த காரியம்.

சட்டம் சொல்கிறபடி ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவை சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலித்து, மாவட்டத்துப் பொது நூலகங்களைப் பார்த்துக்கொள்கிற மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில், வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் போட வேண்டும். புத்தகம், நாளிதழ், கட்டடம், மேசை நாற்காலி எல்லாம் இந்த நிதியை நம்பித்தான். உள்ளாட்சி அமைப்பு வசூலித்த வரியைக் காலத்தோடு ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் பாக்கி வைத்தால், அந்த மாவட்டத்து நூலக அலமாரியில்தான் அது முதலில் தெரியும். இதற்கு என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், எந்த நூலகம் யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதில்தான் நிறையப் பேர் குழம்பி, தப்பான வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்.

பொது நூலகத் துறையின் கீழ் வருபவை மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம். கோவைக்கு மாவட்ட மைய நூலகம் ஆர்.எஸ். புரம் கௌலி பிரவுன் சாலையில் இருக்கிறது. இவற்றைப் பற்றிக் கேட்க வேண்டியவர் மாவட்ட நூலக அலுவலர். ஊராட்சி நூலகம் என்பது வேறு. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகளில் கட்டிய சின்னக் கட்டடம் அது. பல ஊர்களில் ஊராட்சி மன்ற அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதற்குப் பொறுப்பு ஊராட்சி. சில ஊர்களில் நன்றாக நடக்கிறது, சில ஊர்களில் பூட்டித்தான் கிடக்கிறது. அப்புறம், நூலகமும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இடமும் சேர்ந்தாற்போல நகரங்களில் அண்மையில் கட்டியிருக்கும் அறிவுசார் மையங்கள். கோவையில் ஆடிஸ் வீதியில் ஒன்று இருக்கிறது. இவை மாநகராட்சி, நகராட்சிப் பொறுப்பு. நாலாவதாக, பள்ளி நூலகம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

சரி, பிள்ளைக்கு அட்டை எப்படி வாங்குவது? போன மே மாதம் எங்கள் கிளை நூலகத்தில் நேரில் பார்த்ததையே சொல்லிவிடுகிறேன்.

மதியம் வெயில் தாழ்ந்து நாலரை மணி இருக்கும். ஒரு பெரியவர், தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை, கூடவே ஒரு பெண் குழந்தை. நூலகர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"ஏனுங்கம்மா, இந்தப் புள்ளைக்கு ஒரு கார்டு போட்டுக் குடுங்க. இங்கயே உக்காந்து படிச்சா நேரம் பத்தறதில்லீங்குது."

"எத்தனாவது படிக்கற கண்ணு?"

"அஞ்சாவது முடிச்சுட்டனுங்க. ஆறாவது போறேன்."

"கையெழுத்து யாருங்க போடறீங்க?"

"அப்பிச்சி நாந்தானுங்க. இவங்கப்பனும் அம்மாளும் கம்பெனிக்குப் போயிட்டாங்க. ஏழு மணி ஆகும் வர."

அப்பிச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அப்பா. நூலகர் ஒரு பக்கப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மஞ்சப்பையிலிருந்து ஆதார் நகலும் ஒரு போட்டோவும் வந்தன. குழந்தையின் பேரைக் குழந்தையையே எழுதச் சொன்னார் நூலகர். அது நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்தாகப் பேரை எழுதி முடிக்கும் வரை பெரியவர் படிவத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டி ரசீது வாங்கினார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. போகும்போது குழந்தையின் கையில் யானையைப் பற்றிய ஒரு படப் புத்தகம்.

இவ்வளவுதான் நடைமுறை. முகவரிக்கு ஒரு சான்று, ஒரு போட்டோ, பெரியவர் ஒருவரின் கையெழுத்து. எத்தனை புத்தகத்துக்கு அட்டை வேண்டும் என்பதையும், நூலகத்தின் வகையையும் பொறுத்துக் காப்புத்தொகை கொஞ்சம் மாறும். ஒரு புத்தகத்துக்கென்றால் சந்தாவோடு சேர்த்தே ஓட்டலில் ஒரு பிரியாணி வாங்கும் காசு ஆகாது. காப்புத்தொகை எங்கும் போய்விடாது. அட்டை வேண்டாம் என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆகவே ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த புத்தகத்தை ஏறக்குறைய இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். நாள் தாண்டினால் சிறு தொகை தாமதக் கட்டணம் கேட்பார்கள், அதற்குப் பயந்து புத்தகத்தைத் திருப்பாமல் விட்டுவிடாதீர்கள். உள்ளே உட்கார்ந்து படிப்பதற்கு அட்டையும் வேண்டாம், காசும் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் பேர் எழுதினால் போதும்.

இன்னொன்று. கிளை, ஊர்ப்புற நூலகங்களுக்குப் பொதுவாக வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இரண்டாவது சனிக்கிழமையும் இருக்காது. மற்ற சனி, ஞாயிறுகளில் திறந்திருக்கும். பள்ளிக்கூடம் லீவு விடும் நாளில் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும் வழியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வரலாம்.

நூலகத்துக்கு வரவே முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொங்கு நாட்டில் எல்லோரும் ஊருக்குள் குடியிருப்பதில்லை. தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டிலிருந்து நூலகத்துக்கு மூன்று நாலு கிலோமீட்டர் வர வேண்டும். தாளவாடி, பர்கூர், வால்பாறை பக்கமென்றால் கேட்கவே வேண்டாம். நடக்க முடியாத பிள்ளையாக இருந்தால் ஊருக்குள் இருந்தும் தூரம்தான். இப்படிப்பட்டவர்களுக்காக 2022-ல் நூலக நண்பர்கள் திட்டம் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்து கொடுத்து, படித்து முடித்ததும் வாங்கிப் போவார்கள். உங்கள் பக்கத்து நூலகத்தில் இது நடக்கிறதா என்று கேளுங்கள். ஆள் இல்லை என்று சொன்னால், கல்லூரியில் படிக்கிற உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ அந்த நண்பராக இருக்கலாமே. அதே தெருவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதே தெருவிலிருந்து ஒரு அக்காள் புத்தகம் கொண்டுவந்து தருவதைப் போல வேறு எதுவும் படிக்கப் பழக்காது என்பது என் எண்ணம்.

வயதில் கொஞ்சம் பெரிய பிள்ளைகள், அதாவது பிளஸ் டூ முடித்து டி.என்.பி.எஸ்.சி.க்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிறவர்கள், நூலகத்தை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த மாவட்ட மைய நூலகத்துக்கு வேண்டுமானாலும் காலையில் போய்ப் பாருங்கள், சாப்பாட்டுத் தூக்கோடு வந்து இடம் பிடித்திருப்பார்கள். வீட்டில் தனி அறை இல்லாத, தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாத பிள்ளைகளுக்கு அந்த நாற்காலிதான் அறை. அவர்களுக்கு நாற்காலி, விளக்கு, கழிப்பறை, குடிதண்ணீர் நான்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. நூலகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற அரிமா சங்கத்தாரும் ஆலை முதலாளிகளும் புத்தகத்துக்கு முன்னால் இதைக் கவனித்தால் நல்லது.

இனி பள்ளி நூலகம். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழ், வார மாத இதழ்கள், எல்லாப் பாடங்களுக்கும் புத்தகங்கள், கதைப் புத்தகங்கள் உட்பட, இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கதைப் புத்தகம் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது, அதைக் கவனியுங்கள். இது அரசுப் பள்ளிக்கு மட்டும் இல்லை, தனியார் பள்ளிக்கும் பொருந்தும். அரசுப் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்க ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிகளில் ஆண்டு நூலக மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், பெரிய பள்ளிகளுக்கு 20,000 ரூபாய் வரை. இது போகத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கம் நடத்துகிறது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளை நுழையில் தொடங்கி மெல்ல மேலே போகலாம். எட்டாம் வகுப்பில் இருந்துகொண்டு நுழை படித்தாலும் கேவலம் ஒன்றும் இல்லை. மாணவர்களுக்காகத் துறையே நடத்துகிற ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் பள்ளிக்கு வருகின்றன.

வந்த புத்தகம் பிள்ளை கைக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. என் மகள் படித்த ஒரு பள்ளியில் புத்தகங்கள் இருந்தன, பீரோவில். சாவி தலைமையாசிரியரிடம். தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் அவருக்கு. கண்ணாடிக் கதவு வழியாக முதுகட்டைகளை மட்டும் படித்துக்கொண்டு நின்றதாக மகள் வந்து சொன்னாள். பெற்றோர் சிலர் சேர்ந்து போய்ப் பேசினோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, வாரம் ஒரு பாடவேளை நூலகத்துக்கு, புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க ஒரு நோட்டு, தொலைந்தால் பெற்றோர் வேறு வாங்கித் தருவது என்று எழுதி வைத்தோம். அந்த வருடம் தொலைந்தது இரண்டே புத்தகம். உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் இதே கதை என்றால் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான், அதில் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கைப்பேசியில் படிக்க வைக்கலாம் என்றால், ஒன்றிய அரசின் தேசிய புத்தக அறக்கட்டளை 18 வயது வரை உள்ளவர்களுக்காக ராஷ்ட்ரீய இ-புஸ்தகாலயா என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. இலவசம். தமிழ்ப் புத்தகமும் உண்டு. ஆனால் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டுப் புத்தகம் மட்டும் படி என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றோர்களுக்குத் தெரியும்.

நூலகத்துக்கு நாம் என்ன செய்யலாம்? 1,000 ரூபாய் கட்டினால் புரவலர், 5,000 கட்டினால் பெரும் புரவலர், 10,000 கட்டினால் கொடையாளர். பேரை நூலகப் பலகையில் எழுதுவார்கள். பகுதி நேர நூலகத்தை ஊர்ப்புற நூலகமாக, ஊர்ப்புற நூலகத்தைக் கிளை நூலகமாகத் தரம் உயர்த்தும்போது உறுப்பினர் எண்ணிக்கை, புரவலர் எண்ணிக்கை, கட்டடம் மூன்றையும் பார்ப்பார்கள். ஆகவே ஒரு பிள்ளைக்குப் போடுகிற அட்டையும் கணக்கில் ஏறுகிறது. பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவதோடு பாட்டி பேரிலோ பேத்தி பேரிலோ ஒரு புரவலர் ரசீதும் வாங்கலாம். வாசகர் வட்டம் என்று ஒவ்வொரு நூலகத்திலும் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து நூலகரிடம் சொல்லித் தொடங்குங்கள். மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஒரு பாட்டியைக் கூட்டி வந்தாலே கூட்டம் சேர்ந்துவிடும். கொல்கத்தாவில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை சிறுவர் நூலகங்களுக்கும் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கும் உதவி தருகிறது. பதிவு செய்த அமைப்பாக நூலகம் நடத்துகிறவர்கள் மாவட்ட நூலக அலுவலரிடம் இதைப் பற்றி விசாரியுங்கள்.

ஊராட்சி நூலகம் பூட்டிக் கிடக்கிறது என்றால் கிராம சபைதான் இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், ஒரு தாளில் எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். "நூலகத்தைத் தினமும் மாலை 4 முதல் 7 வரை திறக்க வேண்டும், பொறுப்பாளர் பெயரை வாசலில் எழுத வேண்டும்" என்று இரண்டு வரி போதும்.

வரி விவரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் ஊராட்சியின் அல்லது நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். மூன்றே கேள்வி. கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக வசூலான நூலக வரி எவ்வளவு? அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு, எந்தத் தேதியில்? பாக்கி எவ்வளவு? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதிலை வாங்கியதும் ஒரு நகல் எடுத்து நூலகரிடமும் கொடுங்கள். அடுத்த கிராம சபைக்கு அதையும் கையில் எடுத்துப் போகலாம்.