டிஸ்லெக்சியா உள்ளவருக்கு வேலையில் என்ன உரிமை? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

என் சித்தி பையன் பாலக்கோட்டுக்காரன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறான். மெஷின் சத்தத்தைக் கேட்டே டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவான், அந்த லைனில் ரிஜெக்ஷன் குறைவாக வருவது இவன் ஷிப்டில்தான். ஆனால் ஷிப்ட் முடிந்து அடுத்த ஆளுக்கு எழுதி வைக்க வேண்டிய நோட்டை எடுத்தாலே வியர்த்துவிடும். 316 என்பது 361 ஆகிவிடும். 'கொ' எழுதப் போய் கொம்பை மட்டும் போட்டுக் காலை விட்டுவிடுவான், 'கெ' ஆகிவிடும். போன மாதம் லைன் லீடர் எல்லார் முன்னாலும் "பத்தாவது பாஸ் பண்ணவன்தானே நீ?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு ராத்திரி போன் பண்ணி, "வேலைய விட்டுடறேன்ணா" என்றான். அவனுக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இவனைப் போல நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய பேர் வெளியே சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டிஸ்லெக்சியா என்பது மந்தம் இல்லை, சோம்பல் இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் பார்ப்பதில் மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது, அவ்வளவுதான். பிறவியிலேயே இருப்பது, குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு, பள்ளியோடு முடிந்துபோவதில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1995-ல் வந்த பழைய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. அதில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' ஒன்று, அதற்குள் டிஸ்லெக்சியா பெயர் சொல்லியே வருகிறது. ஆகவே இது நம் சலுகைக் கோரிக்கை இல்லை, சட்டத்தில் எழுதியிருக்கும் விஷயம்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இந்தச் சட்டத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று இட ஒதுக்கீடு. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் கடைசி 1 சதவீதத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களோடு கற்றல் குறைபாடு உள்ளவர்களும் வருகிறார்கள். இதற்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழ் வேண்டும், அதுவும் தகுதியானவை என்று அரசு கண்டறிந்த பணியிடங்களுக்கு மட்டும்தான்.

இன்னொன்று, வேலை செய்யும் இடத்தில் அவரவர் தேவைக்கு ஏற்ற வசதி. இதற்கு 40 சதவீதம் என்ற வரம்பு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள அவருக்கு, 40 சதவீதம் இல்லை என்று காரணம் காட்டி யுபிஎஸ்சி தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுத்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனியாகவே வழிகாட்டுதல் வெளியிட்டது: 40-க்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் சிரமம் என்று மருத்துவச் சான்று இருந்தால், எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்றது. வழிகாட்டுதல் பிறகு மாறியிருப்பதால், இப்போதைய விதியைத் தேர்வு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அரூர், ஊத்தங்கரைப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் மீது அளவுக்கு மீறிய சுமை விழாதவரை, தேவையான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது சட்டம். 2017-ல் வந்த விதிகளில் இன்னொரு வரி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வரி: அந்த வசதிக்கு ஆகும் செலவை, முழுதாகவோ பாதியாகவோ, அந்த ஊழியர் தலையில் கட்டக்கூடாது. அப்புறம், அரசு, தனியார் என்ற வித்தியாசமில்லாமல் ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதன் நகலை மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். கம்பெனி எச்.ஆரிடம் "நம்ம கம்பெனியோட சம வாய்ப்புக் கொள்கை எங்கே சார் இருக்கு?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

என்ன வசதி கேட்கலாம் என்றால், பெரிய செலவு எதுவும் இல்லை. வாயால் சொல்லும் உத்தரவை வாட்ஸ்அப் வாய்ஸாகவும் அனுப்பச் சொல்லலாம். நீளமான பத்திக்குப் பதில் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, படத்தோடு வேலைமுறைத் தாள் கேட்கலாம். எழுத்தை மட்டும் நம்பாமல் கலர் ஸ்டிக்கர் வைத்துப் பாகங்களைப் பிரிக்கலாம். நோட்டில் எழுதுவதைப் போனில் பேசிப் பதிவு செய்யலாம். கூகுள் லென்ஸ் தமிழ் எழுத்தைப் படித்தே காட்டும், ஜிபோர்டு என்ற கூகுள் கீபோர்டில் தமிழில் பேசினால் எழுத்தாக வரும். ஷாப் ஃப்ளோரில் போனுக்குத் தடை இருந்தால், இதற்கு மட்டும் அனுமதி கேட்பதே ஒரு வசதிக் கோரிக்கைதான்.

சான்றிதழ் விஷயம் கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை. ஸ்வாவ்லம்பன் கார்டு என்ற மத்திய அரசு இணையதளத்தில் ஆதார், போட்டோ கொடுத்து விண்ணப்பித்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள எண்ணான யூடிஐடிக்கு வேலை தொடங்கும். பிறகு அரசு மருத்துவமனையில் குழு முன் பரிசோதனை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, குழு கூடும் நாளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள், ஒரு நாள் சம்பளம் வீணாகாது. கற்றல் குறைபாட்டுக் குழுவில் குழந்தை மருத்துவர் இருக்கலாம். வளர்ந்த ஆள் அங்கே போய் உட்காரக் கூச்சப்பட வேண்டாம். 2018 வழிகாட்டுதலில் 8 வயதிலிருந்து சான்று தரலாம், 14-லும் 18-லும் மறுபடி பார்ப்பார்கள், 18-ல் தருவது ஆயுள் முழுக்கச் செல்லும் என்று இருந்தது. 2024-ல் புது வழிகாட்டுதல் வந்திருப்பதால், இப்போதைய விதியை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தயாரித்த சோதனைத் தொகுப்பு பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவானது என்பதால், பெரியவர்கள் பழைய ஆதாரத்தைத் தேடி எடுத்துப் போவது நல்லது. பழைய நோட்டு, மார்க் ஷீட், பத்தாவது பொதுத்தேர்வில் மொழிப்பாட விலக்கோ கூடுதல் நேரமோ வாங்கியிருந்தால் அந்தக் கடிதம், எல்லாம் உதவும்.

கம்பெனியில் வாய்மொழியாகக் கேட்டு முடியவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். நீளமாக வேண்டாம்: "எனக்குக் கற்றல் குறைபாடு உள்ளது. ஷிப்ட் விவரத்தை எழுதுவதற்குப் பதில் குரல் பதிவாகத் தர அனுமதி வேண்டுகிறேன்" என்று இரண்டு வரி, தேதி, கையெழுத்து, நகலில் ஒப்புகை. பாகுபாடு என்று தோன்றினால் நிறுவனத் தலைவரிடம் புகார், அங்கேயும் நடக்கவில்லை என்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம். விசாரணைக்கு ஆளை அழைக்க, ஆவணம் கேட்க அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அரசு ஊழியர் என்றால் உங்கள் அலுவலகத்திலேயே குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். இது எதுவும் புரியவில்லை, யாரிடம் போவது என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

தம்பி அந்த இரண்டு வரியை என்னிடம் சொல்லச் சொல்ல எழுதி வாங்கிக்கொண்டு போனான். இப்போது ஷிப்ட் முடியும்போது கவுன்ட்டர் எண்ணை போட்டோ எடுத்து, கூடவே அரை நிமிட வாய்ஸ் போட்டு லைன் குரூப்பில் அனுப்புகிறான். அடுத்த ஷிப்ட் ஆட்கள் இதுதான் தெளிவாக இருக்கிறது என்று அவர்களும் அப்படியே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்களாம்.