கொயோட்டிக்கு எந்தக் குண்டு?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், எட்வர்ட்ஸ் பீடபூமியில் ஆடு வளர்ப்பவர் விடியற்காலையில் ஒரு குட்டி செத்துக் கிடப்பதைக் கண்டால், கத்தியை எடுத்துத் தொண்டைத் தோலை உரித்துப் பார்ப்பார். பல் பதிந்த துளைகளைச் சுற்றி உள்ளே இரத்தம் கன்றியிருந்தால், கடிபட்டபோது குட்டிக்கு உயிர் இருந்திருக்கிறது. கன்றவில்லை என்றால், வேறு காரணத்தால் இறந்த பிறகுதான் ஏதோ ஒன்று அதைக் கடித்திருக்கிறது. தாடைக்குக் கீழே கவ்வி மூச்சை அடைப்பது கொயோட்டியின் வழக்கம். நரியைவிடப் பெரிய, ஓநாயைவிடச் சிறிய இந்த விலங்குக்குத்தான் அந்நாட்டில் ஆடுகள் அதிகம் இரையாகின்றன.

வேலியும் காவல் நாயும் பலன் தராதபோதுதான் துப்பாக்கியை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எடுத்தால், எந்தக் காலிபர்?

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். .22 லாங் ரைஃபிள், .223 ரெமிங்டன் என்ற இரு தோட்டா வகைகளின் குண்டும் ஏறத்தாழ 5.7 மி.மீ. தடிமன்தான். எடையும் பெரிதாக வேறுபடாது: முன்னது 40 கிரெய்ன், பின்னது 55. (கிரெய்ன் என்பது தானிய மணியிலிருந்து வந்த அளவை, நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி.) வேறுபாடு குண்டுக்குப் பின்னால், வெடிமருந்து அடைத்த பித்தளைக் கூட்டில் இருக்கிறது. சிறியது நொடிக்குச் சுமார் 370 மீட்டர் வேகத்தில் குண்டைத் தள்ளுகிறது. பெரியது சுமார் 985 மீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 180 ஜூலுக்கு அருகே இருந்த ஆற்றல் 1,700 ஜூலைத் தாண்டிவிடுகிறது.

வேகத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. 50 மீட்டரில் சரியாகப் படும்படி குறி அமைத்த .22 குண்டு, 100 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் இறங்கிவிடும். மங்கலான வெளிச்சத்தில் தூரத்தைத் தவறாகக் கணித்தால் குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றிலோ காலிலோ படும். விலங்கு புதருக்குள் ஓடி நாள்கணக்கில் துடித்துச் சாகும். அதனால்தான் .22-ஐ இந்த வேலைக்கு நான் ஏற்பதில்லை. 200 மீட்டருக்குக் குறி அமைத்த .223 குண்டோ, இடையில் குறிபார்க்கும் நேர்கோட்டை விட்டு நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகுவதில்லை.

குண்டின் கட்டுமானமும் முக்கியம். மெல்லிய செம்பு உறையும் குழிந்த நுனியும் கொண்ட குண்டு, உடலுக்குள் புகுந்ததும் சிதறி ஆற்றல் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. முழுவதும் உறை மூடிய குண்டு உடலைத் துளைத்து அப்பால் போகும். எட்வர்ட்ஸ் பீடபூமியின் தரை சுண்ணாம்புப் பாறை. சிதறாத குண்டு அதில் பட்டுத் தெறித்தால், பின்னால் மேயும் ஆட்டின் மேலேயே பாயலாம். வேகம் குறைந்த .22 ஈயக்குண்டும் எளிதில் தெறிக்கக் கூடியதே; சிறியது என்று அலட்சியம் வேண்டாம், அது ஒரு மைல் தாண்டியும் ஆபத்தானது.

காற்று ஓயாத சமவெளிகளில் மட்டும் கணக்கு சற்று மாறும். இலகுவான குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடும் என்பதால், 1955-இல் வந்த .243 வின்செஸ்டர் தோட்டாவின் கனமான குண்டு அங்கே கைகொடுக்கிறது. அதிர்வும் ஓசையும் கூடுதல். பத்துப் பதினைந்து கிலோ விலங்குக்கு அதற்கு மேல் தேவையில்லை.

கொயோட்டி மேட்டின் உச்சியில், பின்னால் வானம் மட்டும் தெரிய நின்றால் எந்தக் காலிபரானாலும் விசையைத் தொடக் கூடாது. அது சரிவில் இறங்கி, முதுகுக்குப் பின்னால் குண்டைத் தடுக்க மண் தெரியும்வரை காத்திருக்க வேண்டும்.